நாய் பார்க்கும் திசை

மனிதரைப் படம் எடுப்பவருக்கு ஒரு பயம் உண்டு: படத்தில் இருப்பவர் ஒருநாள் அதைப் பார்ப்பார். ‘நான் இப்படியா இருந்தேன்?’ என்று கேட்பார். பிடிக்காவிட்டால் சண்டைக்கு வருவார், வழக்குக்கூடப் போடுவார். நாயைப் படம் எடுப்பவருக்கு அந்தப் பயமே இல்லை. வேல்ஸ் மலைச்சரிவில் ஆடு மடக்கும் பார்டர் கோலி, பந்தயத் திடலில் தடை தாண்டும் ஸ்பேனியல், நியூயார்க் டாம்ப்கின்ஸ் சதுக்கத்து ஹாலோவீன் ஊர்வலத்தில் தேனீ உடை மாட்டிக்கொண்டு நிற்கும் பக் நாய், இவற்றில் எதுவும் தன் படத்தைப் பார்த்து மறுப்புச் சொல்லப்போவதில்லை. பார்த்தாலும் அதில் இருப்பது தான்தான் என்று அதற்குத் தெரியாது. கண்ணாடி உருவத்தைக்கூட நாய்கள் தம்முடையது என்று அடையாளம் காண்பதில்லை. அப்படியிருக்க, படம் எடுப்பவர் அந்த நாய்க்கு ஏதாவது கடன்பட்டிருக்கிறாரா? போட்டியில் நாய் துன்புறுகிறதா, இல்லையா என்பது வேறு கேள்வி; அதற்குச் சட்டங்களும் கால்நடை மருத்துவர்களும் இருக்கிறார்கள். நாய் சுகமாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் படத்தில் ஒரு தவறு நேர முடியுமா என்பதுதான் இங்கே கேள்வி.

இதற்கு இரண்டு பதில்கள் சுலபமாகக் கிடைக்கின்றன. கடன் எதுவும் இல்லை என்பது ஒன்று: நாய்க்கு வலிக்கவில்லை, தெரியவும் இல்லை, பிறகென்ன? மற்றது கொஞ்சம் உயர்ந்த தொனியில் வரும்: வேலை செய்யும் நாயைப் படம் எடுப்பது கௌரவம், பொம்மைச் சட்டை மாட்டிய நாயைப் படம் எடுப்பது கேவலம். முதல் பதில் கடனை நாயின் அறிவோடு முடிச்சுப் போடுகிறது. இரண்டாவது நாயின் உடையோடு முடிச்சுப் போடுகிறது. இரண்டுமே பிசகு என்பது என் கட்சி. போட்டிகளில் எடுக்கப்படும் நாய்ப் படம் வெறும் அலங்காரம் என்று ஒதுக்கக்கூடியதன்று. ‘இந்த நாய் இந்த நேரத்தில் இப்படி இருந்தது’ என்று சொல்லும் சாட்சியம் அது. நாய் அப்போது எதைக் கவனித்துக்கொண்டிருந்தது என்பதைப் பார்ப்பவர் உணர வழிவிட்டால் அது மெய்ச்சாட்சி. அந்தக் கவனத்தை வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தில் நம் கதையை ஒட்டினால் பொய்ச்சாட்சி. உடை இருந்ததா இல்லையா என்ற விசாரணை இதற்குப் பிறகுதான் வரும்.

தனக்குத் தெரியாமலே நடக்கிற ஒன்றால் ஒருவருக்கு அநீதி நேர முடியுமா? அன்றாட ஒழுக்கம் இதற்கு எப்போதோ விடை சொல்லிவிட்டது. செத்தவர்மேல் பழி போடக்கூடாது என்கிறோம்; செத்தவர் எழுந்து வந்து கேட்கப்போவதில்லை. நினைவிழந்து படுக்கையில் கிடப்பவரைக் கேலியாகப் படம் எடுத்து ஊருக்குக் காட்டினால், அவருக்குக் கடைசிவரை தெரியாவிட்டாலும் அநியாயம் அவருக்குத்தான். பார்த்தவர்களின் மனம் கெட்டுப்போகிறதே என்று மட்டும் நாம் வருந்துவதில்லை. இம்மானுவேல் கான்ட் அந்த ‘மட்டும்’ என்ற இடத்திலேயே நின்றுவிட்டார். நெடுங்காலம் உழைத்த நாயை, இனிப் பயனில்லை என்று சுட்டுவிடுகிற எசமானனைப் பற்றி அறவியல் விரிவுரைகளில் பேசும்போது, அவன் தன்னுள் இருக்கும் மனிதத்தைக் கெடுத்துக்கொள்கிறான் என்றாரே தவிர, நாய்க்குச் செய்ய வேண்டிய கடமையில் தவறினான் என்று சொல்லவில்லை. கான்ட்டின் வழியிலேயே வந்த கிறிஸ்டீன் கோர்ஸ்கார்ட், 2018இல் வெளியான நூலில் இதைத் திருத்தினார்: தன்னளவில் நல்லது, கெட்டது என்று ஏதாவது இருக்கிற எந்த உயிரும் நம் கடமைக்கு நேரடியாக உரியது. சுவிட்சர்லாந்து இன்னும் முன்னதாகவே, 1992இல், உயிரினங்களின் கண்ணியத்தை அரசியல் சாசனத்தில் சேர்த்தது. 2008இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டம், வலி இல்லாவிட்டாலும் விலங்கை இழிவுபடுத்துவது அதன் கண்ணியத்தைப் பாதிக்கக்கூடும் என்கிறது. எதை இழிவு என்பது, அதை யார் கண்ணால் அளப்பது என்ற சிக்கல் அங்கேயும் தீரவில்லை. ஆகவே கண்ணியத்தை ஓரமாக வைத்துவிட்டு உண்மையைப் பிடித்துக்கொள்கிறேன். ஒருவரைப் பற்றிப் பொய் சொல்லாமல் இருப்பதற்கு, அவருக்கு மான உணர்ச்சி உண்டா என்று முதலில் நிரூபிக்கத் தேவையில்லை.

நாயின் மனத்தைப் பற்றி உண்மை, பொய் என்று பேசவே முடியாது என்பார்கள் சிலர். இந்த ஆட்சேபம் வலுவானது. 1974இல் தாமஸ் நேகல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை வௌவாலை எடுத்துக்கொண்டு இதைத்தான் வாதித்தது: எதிரொலியால் உலகை அறிகிற உயிராக இருப்பது உள்ளிருந்து எப்படி இருக்கும் என்பதை, வெளியிலிருந்து எவ்வளவு தகவல் சேர்த்தாலும் எட்ட முடியாது. நாய் வௌவாலைவிட நமக்கு நெருக்கம்தான். ஆனாலும் அது மூக்கால் உலகைப் படிக்கிறது, சிவப்பையும் பச்சையையும் நம்மைப்போல் பிரித்து அறிவதில்லை. எனவே எந்தப் படமும் நாயைப் பற்றி மெய்யும் சொல்லாது, பொய்யும் சொல்லாது. எல்லாம் நம் கற்பனையே என்று முடிக்கலாம். இந்த முடிவை ஒரு சிறு சோதனை உடைக்கிறது. நியூயார்க் பர்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் 14 நாய்களை வைத்து அதைச் செய்தார். தின்னாதே என்று சொல்லி ஒரு தின்பண்டத்தை வைத்துவிட்டு எசமானர் வெளியே போவார். திரும்பி வரும்போது நாய் தின்றுவிட்டது என்றோ, தின்னவில்லை என்றோ அவரிடம் சொல்லப்படும். சில முறை அந்தத் தகவல் வேண்டுமென்றே தவறாகத் தரப்படும். தலை தாழ்ந்து, காது மடங்கி, கண் ஒதுங்கும் அந்தக் ‘குற்ற முகம்’ நாய் தின்றதா என்பதைப் பொறுத்து வரவில்லை. எசமானர் திட்டினாரா என்பதைப் பொறுத்து வந்தது. சொன்னபடி கேட்டும் திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. கழுத்தில் ‘நான்தான் செருப்பைக் கடித்தேன்’ என்ற அட்டையோடு வலம்வரும் நாய்ப் படங்களை இந்தச் சோதனைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவை நாயின் குற்றவுணர்வு என்று காட்டுவது, எதிரே கேமராவோடு நிற்கும் மனிதரின் குரலுக்கு நாய் தந்த பதில். நாயின் உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்கு முழுதாகத் தெரியாது என்பது சரி. ஆனால் நாம் தவறாகச் சொல்லிவிட்டோம் என்று கண்டுபிடிக்க முடிகிறது. தவறு கண்டுபிடிக்கக்கூடிய இடத்தில் பொய்யும் இருக்க முடியும். பொய் இருக்க முடிகிற இடத்தில் சாட்சிக்குப் பொறுப்பும் உண்டு.

ஹோரோவிட்ஸ் சோதனையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இன்னொன்றும் உண்டு. உணர்ச்சியின் பெயரில் நாம் இடறுகிறோம். கவனத்தின் திசையில் அவ்வளவாக இடறுவதில்லை. நாய் வெட்கப்படுகிறதா என்பது தெரியாது, ஆனால் எசமானரின் முகத்தைப் பார்க்கிறது என்பது தெரியும். காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எடை முன்காலில் இருக்கிறதா பின்காலில் இருக்கிறதா, கண் எதில் பதிந்திருக்கிறது, இவை வெளியே கிடக்கும் தடயங்கள். போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் யூலியானே கமின்ஸ்கி குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், மனிதர் தங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நாய்கள் முகத்தை அதிகமாக அசைத்தன. தின்பண்டத்தைக் காட்டுவதால் மட்டும் அது கூடவில்லை. நாயின் முகமே பார்க்கப்படுவதற்கு எதிர்வினை ஆற்றுகிறது என்றால், லென்ஸை முகத்துக்கு நேரே நீட்டி எடுக்கும் படம் ஏற்கெனவே தானே உண்டாக்கிய ஒன்றைத்தான் பதிவு செய்கிறது. நாய்களிடையே நேருக்கு நேர் வெறித்துப் பார்ப்பது மிரட்டல். கேமராவின் பெரிய கண்ணுக்கு முன்னால் பல நாய்கள் உதட்டை நக்குகின்றன, கொட்டாவி விடுகின்றன, முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. ஓடிக் களைத்த நாய் வாயைத் திறந்து இளைப்பது சூட்டைத் தணிக்க. படத்தில் அது ‘சிரிப்பு’. படக்காரர் பையிலிருந்து கீச்சிடும் ரப்பர் பொம்மையை எடுத்து அமுக்கினால் நாய் தலையைச் சாய்க்கிறது. படத்தில் அது ‘யோசனை’. அந்தச் சத்தம் படத்தில் கேட்காது. அந்தத் தலைச்சாய்வின் முழுக் காரணமும் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது.

கேமராவே ஒரு நொடியை ஆயிரமாக வெட்டுவதுதானே, அதன் தொழிலே துண்டாக்குவதுதானே என்று கேட்கலாம். தடை தாண்டும் நாயை நொடியில் 2,000இல் ஒரு பங்கு நேரத்தில் உறையவைக்கும் படம், எந்தக் கண்ணும் பார்த்திராத ஒன்றைக் காட்டுகிறது, அதுவும் பொய்தானா? இல்லை. 1878இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்துக் குதிரையின் ஓட்டத்தைப் பிடித்தபோது, பொய் சொல்லி வந்தது கண்தான் என்பது தெரிந்தது. முன்னங்கால்களை முன்னும் பின்னங்கால்களைப் பின்னும் நீட்டிப் பறக்கிற மாதிரி ஓவியர்கள் தலைமுறை தலைமுறையாக வரைந்த குதிரை எங்கும் ஓடியதில்லை. நான்கு கால்களும் தரையை விட்டு எழும் கணத்தில் அவை வயிற்றுக்கடியில் கூடியிருந்தன. விநோதம் என்னவென்றால், குதிரைக்குப் பொருந்தாத அந்த நீட்டிய நிலை, பந்தய நாயான கிரேஹவுண்டுக்குப் பொருந்தும். அது ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை தரையை விட்டு எழுகிறது, ஒருமுறை உடலைக் குவித்து, ஒருமுறை நீட்டி. மைபிரிட்ஜ் 1887இல் வெளியிட்ட 781 தட்டுகளில் நாய்களும் உண்டு. ஆகவே துண்டாக்குவதில் தவறு இல்லை. மைபிரிட்ஜ் துண்டாக்கியது அசைவை அறிய. அடுத்தடுத்த படங்களின் வரிசை, ஒவ்வொரு துண்டும் எதிலிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. எந்தத் துண்டை வெளியே விடுகிறோம் என்பதில்தான் நேர்மையும் நேர்மையின்மையும்.

தடை ஓட்டப் போட்டிகளில் எந்தத் துண்டு வெளியே போகிறது என்பது ஏறத்தாழ எப்போதும் ஒன்றுதான்: நாயை நடத்துகிறவர். 1978இல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், குதிரைகளின் தடை தாண்டும் போட்டியைப் பார்த்து உருவாக்கி, இடைவேளையில் கூட்டத்தை மகிழ்விக்க நடத்தப்பட்ட வேடிக்கை இன்று பல நாடுகளில் தனி விளையாட்டு. தடைகளின் வரிசை ஒவ்வொரு முறையும் புதிது. நாய்க்கு அது முன்கூட்டித் தெரியாது. அதற்கு வழி சொல்வது பக்கத்தில் ஓடும் மனிதரின் தோள், நீட்டிய கை, பாதம் திரும்பும் திசை, குரல். 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்ட கம்பங்களுக்கு நடுவே வளைந்து நெளிந்து போகும்போதுகூட நாயின் கண்ணோரத்தில் அந்த மனிதர் இருக்கிறார். டோனா ஹாராவே தன் நாயோடு இந்த விளையாட்டில் இறங்கி, அதைப் பற்றியே தத்துவம் எழுதினார். அவர் எழுத்தின் மையமும் இதுதான்: ஓடுவது நாயுமில்லை மனிதருமில்லை, இருவருக்கும் இடையே நொடிக்கு நொடி நடக்கும் கேட்டலும் பதிலும். விற்பனையாகும் படத்திலோ தடைக்கு நேர் எதிரே தாழப் படுத்து எடுத்த கோணம், பின்னணி கரைந்த பச்சை, காற்றில் தொங்கும் காதுகள், திறந்த வாய். நாய் தன்னந்தனியாக, தன் மகிழ்ச்சிக்காகவே, யாரும் இல்லாத உலகத்தில் பறப்பதுபோல. அழகான படம்தான். கவனத்தின் மறுமுனை அறுக்கப்பட்ட படமும்கூட.

மேய்ப்பு நாய்ப் போட்டியில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. பிரிட்டனில் பதிவான முதல் போட்டி 1873இல் வேல்ஸின் பாலா ஊரில், ஆர். ஜே. லாயிட் பிரைஸ் என்ற நிலக்கிழார் ஏற்பாட்டில் நடந்தது. 1906இல் அமைந்த சர்வதேச மேய்ப்பு நாய்ச் சங்கம் போட்டிகளுக்கு வகுத்த ஒரு மதிப்பெண் கணக்கைப் பார்ப்போம். மேய்ப்பர் நிற்கும் இடத்திலிருந்து 350 மீட்டருக்கும் அப்பால் ஆடுகள் இருக்கும். நாய் அகலமாக வளைந்து ஓடி அவற்றின் பின்பக்கம் போக 20. முதன்முதலாக அவற்றை அசைக்க 10. மேய்ப்பரிடம் நேர்கோட்டில் கொண்டுவர 20. பிறகு விலக்கி ஓட்டிச்செல்ல 30. மந்தையிலிருந்து பிரித்தெடுக்க 10. பட்டியில் அடைக்க 10. ஆக ஒரு நடுவருக்கு 100. இதில் பாதி, நாய் மேய்ப்பரை நெருங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பார்வையாளர் வரிசையிலிருந்து அப்போது நாய் ஒரு புள்ளி. ஆகவே படங்கள் குவிவது பட்டிக்குப் பக்கத்தில்: தாழ்ந்த தலை, வெறித்த கண், ஒரு காலைத் தூக்கிய நிலை, கைத்தடியோடு மேய்ப்பர். பத்து மதிப்பெண்ணுக்கான காரியம் மொத்த வேலையின் முகமாகிவிடுகிறது. இந்தக் குறை படக்காரரின் சோம்பலால் வருவதில்லை, தூரத்தால் வருகிறது. ஆனாலும் இந்த வேலையை அறிந்தவர்கள் வியப்பது அந்தத் தூரத்தைத்தான். விசில் ஒலி எட்டும் எல்லையில், தானே முடிவெடுத்து, ஆடுகளைக் கலைக்காமல் பின்னால் போய் நிற்கும் நாயின் நிதானம் அது. மலைச்சரிவு முழுக்கத் தெரிய, நாய் விரல்நகம் அளவே தெரியும் படத்தை யாரும் சுவரில் மாட்டுவதில்லை; அந்த நாயின் கவனம் எவ்வளவு நீளமானது என்பதைச் சொல்ல அதைவிட நல்ல படம் கிடையாது.

இங்கே எதிர்த்தரப்பின் மிகச் சிறந்த வாதம் காத்திருக்கிறது. வேலை செய்யும் நாய் ‘தன்’ வேலையைச் செய்கிறது என்கிறாயே, அது யார் தந்த வேலை? 1893இல் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபரிடம் பிறந்த ‘ஹெம்ப்’ என்ற நாய், கத்தாமல் கடிக்காமல் வெறும் பார்வையால் ஆடுகளை நகர்த்தியது. மேய்ப்பர்கள் அதன் குட்டிகளுக்குப் போட்டி போட்டார்கள். இன்றைய பார்டர் கோலிகளின் வம்சாவளி அதனிடம் போய் முடிகிறது. ஓநாயின் வேட்டை வரிசையில் உற்றுப் பார்த்தல், பதுங்கல், துரத்தல் வரை வைத்துக்கொண்டு, கடிப்பதையும் கொல்வதையும் மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக்கட்டினார்கள். ஆக பார்டர் கோலியும் வேடம் போட்ட நாய்தான். தேனீச் சட்டையை மாலையில் கழற்றலாம், இதைக் கழற்ற முடியாது. இந்த வாதத்தை நான் மறுக்கப்போவதில்லை. எனக்கு அது வேண்டும். இயற்கையான நாய் உயர்வு, வேடமிட்ட நாய் தாழ்வு என்ற இரண்டாவது சுலப பதிலை அது அடியோடு சாய்க்கிறது. மனிதக் கை படாத நாய் என்று ஒன்று இல்லவே இல்லை. ஆனால் அந்தப் பார்வை எப்படி வந்தது என்பதும், இந்த நொடியில் அது யாருடையது என்பதும் இரண்டு கேள்விகள். தாய்மொழியை யாரும் தேர்ந்தெடுத்துப் பிறப்பதில்லை; அதற்காக அதில் பேசுவது நம் பேச்சு இல்லை என்று ஆகிவிடாது. நம் கை நாயின் உருவத்தை எவ்வளவு வளைத்திருந்தாலும், இப்போது ஆட்டின் மீது பதிந்திருக்கும் கவனம் அந்த நாயினுடையது. படம் சாட்சி சொல்ல வேண்டியது அதற்கு.

வேட ஊர்வலங்களுக்கு இனி வரலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாரி விட்டியர் ஃப்ரீஸ் என்ற அமெரிக்கர் பூனைக்குட்டிகளுக்கும் நாய்க்குட்டிகளுக்கும் பாவாடை சட்டை மாட்டி, சமைப்பதாகவும் துணி உலர்த்துவதாகவும் நிறுத்திவைத்து எடுத்த அஞ்சலட்டைகள் அமோகமாக விற்றன. அவற்றில் கண்கள் எங்கும் பார்க்கவில்லை. குட்டி உறைந்து நிற்கிறது, உடைதான் நடிக்கிறது. அவர் குட்டிகளை வதைத்தார் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை, அது என் வாதத்துக்குத் தேவையும் இல்லை. வில்லியம் வெக்மன் 1970களிலிருந்து தன் வைமரனர் நாய்களுக்கு அங்கி, தொப்பி, விக் எல்லாம் போட்டு எடுத்த படங்களை இவற்றோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். அந்தச் சாம்பல் நிற நாய்கள் எந்த உடையிலும் மனிதராகிவிடுவதில்லை. அவை யாரையோ, எதையோ, பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கின்றன, அநேகமாகக் கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கும் வெக்மனை. உடை ஒரு கதையும் கண் வேறொரு கதையும் சொல்கின்றன. நகைச்சுவை அந்த இடைவெளியில் பிறக்கிறது, அதுவும் நம்மைப் பார்த்து. ஊர்வலப் படங்களிலும் இப்படி இரண்டு வகை உண்டு. தேனீச் சட்டை போட்ட பக் நாய், கீழே விழுந்த ரொட்டித் துண்டை மோந்துகொண்டோ, கூட்டத்தின் கால்களுக்கிடையே தன் ஆளைத் தேடிக்கொண்டோ இருக்கும் படம் முழு உண்மை. அதில் சிரிப்பும் குறையவில்லை. அதே நாயைப் பிடித்துத் திருப்பி, கீச்சொலி எழுப்பி, முகத்தை மட்டும் நிரப்பி, ‘கொண்டாட்டத்தில் குதூகலம்’ என்று தலைப்பிட்டால் சட்டை அப்படியேதான் இருக்கிறது, சாட்சியம் மாறிவிட்டது.

உடையே இழிவு என்பவர்கள் நேபாளத்துக்குப் போய் தீபாவளியை ஒட்டிய திகார் பண்டிகையின் இரண்டாம் நாளைப் பார்க்க வேண்டும். குகுர் திகார் என்ற அந்த நாளில் வீட்டு நாய், தெரு நாய், காவல்துறையின் மோப்ப நாய் எல்லாவற்றுக்கும் சாமந்தி மாலை போட்டு, நெற்றியில் திலகமிட்டு, வயிறாரச் சோறு போடுகிறார்கள். நாய் எமனின் தூதர், பைரவரின் வாகனம். நியூயார்க்கின் தேனீச் சட்டைக்கும் காத்மாண்டுவின் சாமந்தி மாலைக்கும் நாயின் பக்கத்திலிருந்து என்ன வேறுபாடு? கழுத்தில் புதிதாக ஒரு பாரம், மனித வாடை, கூடவே கொஞ்சம் தீனி. பக்தி என்பதும் கேலி என்பதும் நம் பக்கத்துக் கணக்கு. நம் சைவ அடியார்கள் இறைவன் முன் தங்களைத் தாழ்த்திக்கொள்ள நாயாகவே சொல்லிக்கொண்டார்கள். அதே சைவக் கோயிலில் பைரவர் பக்கத்தில் நாய் கம்பீரமாக நிற்கிறது. தாழ்ந்ததும் உயர்ந்ததும் நாயைக் கேட்டு நடக்கவில்லை. மகாபாரதத்தில் தருமர் நாயை விட்டுவிட்டு சொர்க்கத்துக்குள் வரமாட்டேன் என்று நிற்கும் இடத்தை நாய்க்குக் கிடைத்த பெருமை என்பார்கள். கதை முடிவில் அது நாயே இல்லை, தர்மதேவதை. அங்கே வேடம் போட்டது கடவுள், காணாமல் போனது நாய். பூசையின் பெயரால் நாயை மறைக்க முடியும் என்றால், பூசைப் படத்துக்கும் அதே சோதனைதான். மாலை போட்ட நாயின் கண்கள் தட்டில் இருக்கும் சோற்றை நோக்கினால், அதை அப்படியே காட்டுவதில் பக்திக்கு எந்தக் குறைவும் வராது. கூப்பிய கைகளுக்கு நடுவே கனிந்த தெய்வ முகமாக அதை வெட்டியெடுத்தால், மனிதரின் பக்தியை நாயின் மேல் எழுதிவிட்டோம்.

இவ்வளவு கறாராக இருந்தால் வேடிக்கைக்கு இடமே இல்லையே, ஒரு நாய்ப் படத்தால் யாருக்கு என்ன நட்டம் என்பது கடைசியாக வரும் சலிப்பு. நட்டம் இருக்கிறது, ஆனால் படத்தில் இருக்கும் நாய்க்கு அல்ல, இனிப் பிறக்கப்போகும் நாய்களுக்கு. தட்டை முகமும் பெரிய கண்ணும் எப்போதும் ‘சிரிக்கும்’ வாயும் கொண்ட இனங்கள் படத்துக்கென்றே அமைந்தவை. அமெரிக்கன் கென்னல் கிளப் பதிவேட்டில் 31 ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த லாப்ரடாரை 2022இல் பிரெஞ்சு புல்டாக் கீழே தள்ளியது. அந்தக் குட்டை மூக்குக்குள் மூச்சுத் திணறல் வரும் என்பதைக் கால்நடை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பிரிட்டனின் கால்நடை மருத்துவர் சங்கம், இத்தகைய நாய்களை விளம்பரங்களில் அழகுக்காகக் காட்டாதீர்கள் என்றே கேட்டுக்கொண்டது. மூச்சுக்குத் தவிக்கும் வாயைச் சிரிப்பு என்று லட்சம் முறை காட்டிய படங்களுக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் இந்த விளைவை என் வாதத்தின் அடித்தளமாக வைக்க விரும்பவில்லை. நாளை எல்லா நாயும் நன்றாக மூச்சுவிட்டாலும் பொய்ச்சாட்சி பொய்ச்சாட்சிதான். எம்மானுவேல் லெவினாஸ் 1975இல் எழுதிய சிறு கட்டுரை நினைவுக்கு வருகிறது. ஜெர்மன் சிறை முகாமில் யூதக் கைதிகளைக் காவலர்களும் ஊராரும் மனிதராகவே பார்க்காத நாட்களில், பாபி என்று அவர்கள் பெயரிட்ட தெருநாய் மட்டும் காலையிலும் மாலையிலும் துள்ளி வரவேற்றது. அதற்கு அவர்கள் மனிதர்கள் என்பதில் சந்தேகமே இருக்கவில்லை. அந்த நாயை நாஜி ஜெர்மனியின் கடைசிக் கான்ட்டியன் என்று லெவினாஸ் அழைத்தார்; அதே வாக்கியத்திலேயே, கொள்கையைப் பொதுவிதியாக்கும் மூளை அதற்கு இல்லை என்று கொஞ்சம் பின்வாங்கினார். அந்தப் பின்வாங்கல் தேவையற்றது என்று எனக்குப் படுகிறது. எதிரே நிற்பவரைச் சரியாகப் பார்ப்பதற்குப் பொதுவிதி வேண்டியிருக்கவில்லை. கவனம் போதுமாக இருந்தது.

நாய்க்கு மட்டும் இந்தக் கடன் என்றால் ஆடு என்ன பாவம் செய்தது என்று யாராவது கேட்டால், கேள்வி நியாயம். பட்டியருகே எடுக்கும் வீரப் படங்களில் ஆடுகள் கலங்கலான பின்னணி. ஆனால் மேய்ப்பு நாயின் கவனத்தைக் காட்டுவதென்றால் அதன் மறுமுனையில் இருப்பதைக் காட்டாமல் முடியாது, அங்கே இருப்பது பயந்த ஆடு. கொல்லும் கடி கழிக்கப்பட்டிருந்தாலும் அந்தப் பார்வை வேட்டைப் பார்வைதான் என்பதை ஆடு அறிந்திருக்கிறது. இரண்டையும் ஒரே தெளிவில் வைக்கும் படம் நாய் வளர்ப்பவர்களுக்கு அவ்வளவாக இனிக்காது. வீட்டுச் சுவருக்கு ஏற்றதாகவும் இருக்காது. போட்டியின் நடுவர்களோ இதைத் தயங்காமல் செய்கிறார்கள். முதன்முதலாக ஆடுகளை அசைக்கும் அந்தப் பத்து மதிப்பெண்ணை நாயின் நடையை மட்டும் பார்த்து அவர்கள் போடுவதில்லை. ஆடுகள் மிரண்டு சிதறினவா, தலையைத் திருப்பி நாயை ஒருமுறை பார்த்துவிட்டு அமைதியாக நடக்கத் தொடங்கினவா என்பதையும் பார்த்துத்தான் போடுகிறார்கள்.